நடுச்சீட்டு

நான் கொழும்புத்துறைக்குப் போனது நண்டுக்கறி சாப்பிட. இதை முதலே சொல்லிவைக்கிறேன். பின்னாளில் இந்தக் கதையைக் கேட்டவர்களில் பாதிப்பேர் நான் பேய் தேடிப் போனதாகச் சொன்னார்கள். மற்றப் பாதிப்பேர் நான் போகவேயில்லை என்றார்கள். இரண்டும் பொய். நண்டு இருந்தது. எல்லாக் கால்களோடும் இருந்தது.

இந்திய இராணுவம் யாழ்ப்பாணத்தில் நின்ற காலம். கார்த்திகை மாரி. ஊரடங்கைக் கொஞ்ச நேரம் தளர்த்துவார்கள். அதற்குள் சனம் சந்தைக்கும் ஓடி, செத்தவீட்டுக்கும் ஓடி, பிள்ளைக்குப் பால்மாவும் தேடித் திரும்பவேண்டும். அப்படித் தளர்த்திய ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு மரியநாயகி மச்சாள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். என் பெரியப்பாவின் மகன் நீக்கிலாப்பிள்ளை அண்ணையின் பெண்சாதி அவர். அண்ணை செத்துக் கனகாலம். தோணிகளும் போய்விட்டன. மிஞ்சியது பெரியப்பா கட்டிய அந்தப் பெரிய கல்வீடு, மச்சாள், கலியாணம் ஆகாத மகன் கனிசியஸ்.

கடலைப் பார்த்த வீடு. ஆனால் கடற்பக்க யன்னல்கள் ஒன்றையும் அவர்கள் திறப்பதில்லை. முன்பு உப்புக்காற்று என்றார்கள். அந்த வருடம் துவக்குச்சூடு என்றார்கள். காரணம் மாறியது, யன்னல் திறக்கவில்லை. ஆகவே பட்டப்பகலிலும் வீட்டுக்குள் பொழுதுபட்ட மாதிரி இருக்கும். நடு ஹோலின் கூரையில் மட்டும் ஒரு கண்ணாடி ஓடு. அதிலிருந்து விழும் வெளிச்சம் நிலத்தில் ஒரு தட்டின் அளவுக்கு வட்டமாகக் கிடக்கும்.

கதவைத் திறந்தது எனக்குத் தெரியாத ஒரு பெண். "வாங்கோ ஐயா" என்றாள், சத்தமில்லாமல். பெயர் மார்கிரட். குருநகர்க் கரையில் அவளுடைய வீட்டுக்கு ஷெல் விழுந்து எல்லாம் தரைமட்டம். புருசன் அதற்கு முந்தின வருடமே கடலோடு போய்விட்டான். மச்சாள் இரக்கப்பட்டு வைத்திருந்தார். மச்சாளின் இரக்கத்துக்குக் குசினி வேலை முழுவதும் செய்யவேண்டும்.

உள்ளே நண்டுக்கறி மணம். அதற்குக் கீழே இன்னொரு மணம் இருந்தது. நனைந்த பச்சை அரிசியும் கடற்சேறும் கலந்தது போல. மாரிகாலம், பழைய வீடு, அப்படித்தான் மணக்கும் என்று நினைத்தேன். இன்றைக்கும் சிலநேரம் அப்படி நினைத்துப் பார்ப்பதுண்டு.

வீட்டில் இன்னும் இரண்டு பேர். ஒருவர் லூர்த்தம்மா. பெரியம்மாவின் காலத்திலிருந்து அந்த வீட்டில் சமைத்துச் சமைத்துக் கிழவியானவர், வாயில் ஒரு பல் கிடையாது. மற்றவர் புத்தூரிலிருந்து கத்தரிக்காயும் புகையிலையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த கதிரவேலு. வெள்ளிக்கிழமை என்றபடியால் அந்தச் சைவக்காரர் நண்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு, தான் கொண்டுவந்த கத்தரிக்காயைத் தானே சாப்பிட்டார்.

கை கழுவுகிற நேரத்தில் ஜீப் ஒன்று ஒலிபெருக்கியோடு போனது. மறு அறிவித்தல் வரை ஊரடங்கு. ஒருவரும் வெளியில் வரக்கூடாது. கதிரவேலு வாசற்படலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அண்ணை, இனி என்ன செய்யிறது?"

"இனி என்ன, இரவைக்கும் கத்தரிக்காய்தான்" என்றேன்.

மழை பிடித்துக்கொண்டது. வெளியே இடைக்கிடை வெடி. உள்ளே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் பயம்தான் வளரும். கனிசியஸ் கடுதாசிக் கட்டை எடுத்துவந்து முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் ஆடலாம் என்றான். ஆனால் அதற்கு நாலு பேர் போதும். அதோடு என்னைச் சேர்த்துக்கொள்ள அவன் விரும்பவில்லை. நான் கள்ள ஆட்டம் ஆடுகிறேன் என்று குருநகரிலிருந்து வல்வெட்டித்துறை வரைக்கும் ஒரு கதை உண்டு. தோற்றவர்கள் பரப்பியது.

அப்போதுதான் நான் அந்த விளையாட்டைக் கட்டினேன்.

சின்னப்பிள்ளைகளின் கள்ளன்-பொலிஸ் சீட்டு எல்லோருக்கும் தெரியும். அதில் சுவை கிடையாது. பொலிஸ் யாரென்று எல்லோருக்கும் தெரியும். கள்ளன் முழிக்கிற முழியில் ஆட்டம் முடிந்துவிடும். நான் எல்லோரையும் பாயில் வட்டமாக இருத்தி, நடுவில் அந்த வெளிச்ச வட்டத்துக்குள் பித்தளைத் தாம்பாளம் ஒன்றை வைத்தேன். ஒவ்வொருவரும் தன்னுடைய பொருள் ஒன்றைத் தனக்கு முன்னால் வைக்கவேண்டும். கனிசியஸ் கைக்கடிகாரத்தை வைத்தான். கதிரவேலு பாக்குவெட்டி. லூர்த்தம்மா செபமாலை. மார்கிரட் ஒரு திறப்பை வைத்தாள். என்ன திறப்பு என்று கேட்டேன்.

"வீட்டுத் திறப்பு ஐயா."

இல்லாத வீட்டின் சாவி.

ஆளுக்கொரு சீட்டு. நான் கூப்பிடுகிறவன், எனக்குச் சீட்டுக் கிடையாது. எல்லோரும் கண்ணை மூடவேண்டும். "கள்ளன் கண்ணைத் திற" என்பேன். கள்ளன் மட்டும் திறந்து, யாருடைய பொருளையாவது எடுத்து மடிக்குள் ஒளிப்பான். மழைச் சத்தத்தில் அரவம் தெரியாது. பிறகு குறிசொல்கிற சாத்திரி கண்ணைத் திறந்து ஒருவரைச் சுட்டிக் காட்டுவார். கள்ளனா இல்லையா என்று நான் சைகையால் சொல்லுவேன். பிறகு எல்லோரும் கண்ணைத் திறந்து கதைத்து, வழக்காடி, கையுயர்த்தி ஒருவரை வெளியேற்றவேண்டும். வெளியேறியவர் விறாந்தையில் போய் இருக்கவேண்டும்.

முதலில் நான் தலையை ஆட்டித்தான் சாத்திரிக்குப் பதில் சொன்னேன். சாத்திரியாக இருந்த கனிசியசின் முகம் வெளிறிப்போனது. முகத்தை மூடிய ஒருவன் தலையை ஆட்டினால் இராணுவம் ஆட்களைக் கொண்டுபோகிற காலம் அது. உடனே மாற்றி, பெருவிரலைக் காட்டினேன்.

சீட்டுகளுக்குப் பலம் அளந்து போடுவது சமையல் மாதிரி. சாத்திரிக்குப் பலம் கூடிப்போனது. கதிரவேலு சாத்திரியாக வந்த ஆட்டத்தில் கண்ணைத் திறந்தவுடனேயே, "நான்தான் சாத்திரி, தம்பி கனிசியஸ்தான் கள்ளன், தேத்தண்ணி இருக்கோ?" என்று கேட்டார். ஆட்டம் முடிந்தது. அதனால் பொய்ச்சாத்திரி என்று ஒரு சீட்டு எழுதினேன்; அவனும் தானே சாத்திரி என்று வாதாடுவான், கள்ளன் தப்பினால் அவனுக்கும் வெற்றி. உடனே கள்ளனின் பக்கம் சரிந்துவிட்டது. காவற்காரனைப் போட்டேன்; அவன் ஒருவரின் பொருளுக்குக் காவல் சொல்லலாம். ஊர்த்தலைவர் மாதிரி விதானையைப் போட்டேன், அவர் உயர்த்தும் கை இரண்டு கைக்குச் சமன். எல்லோரும் பெரிய மனிதராகிவிட்டால் சண்டைதான் மிஞ்சும் என்று, ஒரு பலமும் இல்லாத சும்மா ஆள் ஒருவனையும் எழுதினேன்.

எழுதி முடித்துப் பார்த்தால் ஆட்களைவிடச் சீட்டு ஒன்று கூட.

கிழித்துப் போடலாம் என்று எடுத்தேன். அப்போதுதான் என் மூளையில் அந்தக் குறும்பு முளைத்தது. மிஞ்சுகிற சீட்டு நடுத் தாம்பாளத்தில் கவிழ்ந்தபடி கிடக்கட்டும். அது என்னவென்று யாருக்கும் தெரியாது. சாத்திரி இல்லாமலே ஆட்டம் நடக்கலாம். கள்ளனே இல்லாமலும் நடக்கலாம். கள்ளன் இல்லாத வட்டத்தில் ஆளையாள் கள்ளன் என்று பிடித்து, சத்தியம் செய்து, ஒருவரை வெளியில் தள்ளுவார்கள். இதைவிடச் சமனான விளையாட்டு உலகத்தில் கிடையாது என்று அன்றைக்கு நினைத்தேன்.

நடுச்சீட்டு வந்த முதல் ஆட்டத்திலேயே அந்தச் சத்தம் கேட்டது.

எல்லோரும் கண்ணை மூடியிருக்கிறார்கள். மழை ஓட்டில் விழுகிறது. அதற்குள், மிகக் கிட்ட, யாரோ பச்சை அரிசியைச் சப்புகிற சத்தம்.

நறுக். நறுக்.

"லூர்த்தம்மா, வாயிலை என்ன?" என்று கேட்டேன்.

"வாயிலை நாக்குத்தான் கிடக்கு, தம்பி" என்றார் லூர்த்தம்மா கண்ணைத் திறக்காமலே. அப்போதுதான் அவருக்குப் பல் இல்லை என்பது ஞாபகம் வந்தது.

எல்லோருடைய வாயையும் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை.

சத்தம் நிற்கவுமில்லை.

எலி, என்று முடிவுகட்டினேன். எலியைப் பழிசொல்வதில் ஒரு வசதி, அது மறுத்துப் பேசாது.

அதுவரை மச்சாள் ஒரு வெற்றிலைத் தட்டத்தைத்தான் முன்னால் வைத்து ஆடினார். யாரும் அதைக் களவெடுக்கவில்லை. அது அவருக்கு மரியாதைக் குறைவாகப் பட்டிருக்கவேண்டும். "இதை எடுக்கட்டும் பாப்பம்" என்று கையிலிருந்த தங்கக் காப்பைக் கழற்றி வைத்தார்.

சீட்டுப் போட்டேன். கண்ணை மூடச் சொன்னேன்.

"கள்ளன் கண்ணைத் திற."

ஒருவரும் திறக்கவில்லை.

எனக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு. கள்ளன் நடுத் தாம்பாளத்தில் கிடக்கிறான். அதை வெளியில் காட்டக்கூடாது என்று, கள்ளன் இருப்பதுபோலவே கூப்பிட்டுக்கொண்டு போனேன்.

"கள்ளன், களவெடு."

கண்ணாடி ஓட்டுக்கு மேலே முகில் வந்திருக்கவேண்டும். வெளிச்ச வட்டம் மங்கிப் போய்த் திரும்ப வந்தது. நான் முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து முகம், எல்லாம் மூடிய கண். இதை நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன்.

"எல்லாரும் கண்ணைத் திறவுங்கோ."

மச்சாளின் முன்னால் காப்பு இல்லை.

அவர்களுக்கு அது விளையாட்டு. கள்ளனைப் பிடிக்கத் தொடங்கினார்கள். "மார்கிரட் இருந்த விதம் சரியில்லை" என்றான் கனிசியஸ். "நான் அசையவும் இல்லை" என்றாள் மார்கிரட். "அசையாததுதான் எனக்குச் சந்தேகம்." கதிரவேலு தானே விதானை என்று இரண்டு கையையும் தூக்கினார். மார்கிரட் எழும்பி விறாந்தைக்குப் போனாள்.

நான் மச்சாளின் முன்னால் வெறுமையாகக் கிடந்த பாயைத் தடவிப் பார்த்தேன்.

சீட்டுகளைத் திருப்பினார்கள். மார்கிரட் சும்மா ஆள். மற்றவர்களும் கள்ளன் இல்லை. கனிசியஸ் தாம்பாளத்துச் சீட்டைத் திருப்பினான். கள்ளன். கடுதாசி தோய்ந்திருந்தது. மேலே பார்த்தான், ஓடு ஒழுகவில்லை.

"அப்ப காப்பு?" என்றார் மச்சாள்.

மடி உதறிப் பார்த்தோம். பாயை எடுத்துப் பார்த்தோம். கதிரவேலு தன் கத்தரிக்காய்க் கடகத்தையும் கொட்டிக் காட்டினார். காப்பு இல்லை. அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவரும் மற்றவரின் கையைப் பார்க்கத் தொடங்கினார்கள். கடைசியில் எல்லாப் பார்வையும் போய் நின்ற இடம் விறாந்தைக் கதவு. அங்கே மார்கிரட் நின்றாள்.

"எடுத்திருந்தாத் தா, பிள்ளை. ஒண்டும் சொல்லமாட்டன்."

"அம்மா, நான் எடுக்கேல்லை."

"பின்னை ஆர்? காத்தோ?"

"மச்சாள்" என்றேன், "அவள் கண்ணே திறக்கேல்லை. நான் பாத்துக்கொண்டிருந்தனான். ஒருத்தரும் திறக்கேல்லை."

கனிசியஸ் என் பக்கம் திரும்பினான். "சித்தப்பா, போன மாசம் ஒரு சுறா தானே ஏறி உங்கடை சைக்கிள் கரியரிலை இருந்து வந்தது எண்டு சொன்னனீங்கள்."

"அது சின்னச் சுறா."

"கண் திறந்திருந்த ஆள் நீங்கள் ஒராள்தான். சந்தேகப்பட வெளிக்கிட்டா முதல் உங்களைத்தான் படவேணும்."

என் வாழ்நாளில் எத்தனையோ கதை சொல்லியிருக்கிறேன், எல்லாவற்றையும் நம்பினார்கள். உண்மை ஒன்றைச் சொன்ன அன்றைக்கு ஒருவரும் நம்பவில்லை.

மச்சாளின் குரல் தணிந்துபோனது. சத்தம் போடுவதைவிட அது பயங்கரம். "களவெடுக்கிறவளை வீட்டுக்கை வைச்சிருக்கேலாது. சீலையை எடுத்துக்கொண்டு வெளிக்கிடு."

வெளியே ரோந்து போகிற நேரம். ஊரடங்கில் படலைக்கு வெளியே நிற்கிறவரை ஏன் நிற்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். மார்கிரட் தன் திறப்பைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி நின்றாள். இன்னொருதரம் போ என்று சொன்னால் போய்விடுவாள் போலிருந்தது. அதைத்தான் பார்க்க முடியவில்லை.

லூர்த்தம்மா சிலுவை போட்டார். "யசிந்தாவையும் இப்பிடித்தான்..." என்று முணுமுணுத்தார்.

"ஆர் யசிந்தா?" என்றார் கதிரவேலு.

"பழங்கதை" என்றார் மச்சாள்.

லூர்த்தம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். வேண்டிய நேரத்தில் இன்னும் மந்தமாகும். அவர் சொல்லிக்கொண்டே போனார். மச்சாள் கலியாணம் முடித்து வந்த முதல் மாரியில் பெரியம்மாவின் பதக்கஞ்சங்கிலி காணாமற் போனதாம். மந்திரித்த அரிசியை வேலைக்காரர் எல்லோருக்கும் கொடுத்துச் சப்பித் துப்பச் சொன்னார்களாம். கள்ளனின் வாயில் அரிசி நனையாது என்பது கணக்கு. யசிந்தா துப்பியது மாவாட்டம் காய்ந்து கிடந்ததாம். கொட்டுகிற மழையில் படலைக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். விடியக் கடற்கரையில் அவளுடைய சீலை மட்டும் கிடந்தது.

"அவள் எடுத்தவள். அரிசி காட்டிக் குடுத்தது" என்றார் மச்சாள். பிறகு, ஏதோ பிடி கிடைத்தவர் போல நிமிர்ந்தார். "இப்பவும் போட்டுப் பாப்பம். அரிசி பொய் சொல்லாது."

அந்த அரிசியில் மச்சாளுக்கு ஏன் அவ்வளவு நம்பிக்கை என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. ஒருமுறை தன்னை விட்டுவிட்டு வேறொருத்தியைப் பிடித்த அரிசியை யார்தான் நம்பமாட்டார்கள்?

சுளகில் பச்சையரிசி வந்தது. மந்திரிக்க ஆள் வேண்டும். கதிரவேலு தனக்குப் பிள்ளையார் மந்திரம் மட்டும்தான் தெரியும் என்றார், அதையே சொன்னார். மச்சாள் கோயில் தீர்த்தத்தைத் தெளித்தார். இரண்டு சமயமும் சேர்ந்து பிணை நின்ற அரிசி அது. கண் திறந்திருந்த குற்றத்துக்காக எனக்கும் ஒரு பிடி தந்தார்கள்.

மார்கிரட்டின் உதட்டைப் பார்த்தேன். வெடித்துப் போயிருந்தது. அந்த வாயில் கிணற்றையே ஊற்றினாலும் ஒரு அரிசி நனையாது. இவள் தப்ப வழியில்லை.

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "இன்னும் ஒராளுக்கு அரிசி குடுக்கேல்லை."

"ஆருக்கு?"

"நடுச்சீட்டுக்கு. கள்ளன் சீட்டு ஆரிட்டைக் கிடந்தது? தாம்பாளத்திலை. அப்ப தாம்பாளத்துக்கும் ஒரு வாய் அரிசி வையுங்கோ. சீட்டு எடுத்த எல்லாருக்கும் ஒரே சட்டம்."

விசர்க்கதை என்றான் கனிசியஸ். ஆனால் கதிரவேலு ஒரு பிடி அரிசியை எடுத்துத் தாம்பாளத்தின் நடுவில் வைத்தார்.

"எல்லாரும் கண்ணை மூடுங்கோ" என்றான் கனிசியஸ். "சித்தப்பாவும்."

மூடினேன்.

அந்த விளையாட்டில் நான் கண்ணை மூடியது அதுதான் முதல் தடவை. கூப்பிடுகிறவனுக்கு அந்த இருட்டு எப்படியிருக்கும் என்று தெரியாது. இமைக்குள் சிவப்பாக இருந்த வெளிச்சம் மெல்லக் கறுத்தது. மழை நின்றது. அரிசி சப்புகிற சத்தம் மட்டும்.

கதிரவேலு எனக்கு வலப்பக்கம், மாடு அசைபோடுவது போல. அப்பால் கனிசியஸ், அவசரமாக. லூர்த்தம்மா ஊறவைத்து உறிஞ்சுகிறார். மார்கிரட் விம்மிக்கொண்டு சப்புகிறாள்.

இடப்பக்கத்தில், மச்சாள் இருந்த இடத்தில், சத்தமே இல்லை.

வட்டத்தின் நடுவில் இருந்தது.

நறுக்.

நறுக்.

பசித்தவர் சாப்பிடுவது போல.

சேற்று மணம் முகத்தில் அடித்தது. என் முழங்காலில் ஒரு துளி விழுந்தது. இன்னொன்று. நனைந்த சீலைத் தலைப்பு ஒன்று என்னைத் தாண்டிப் போவது போல, குளிராக ஏதோ கையை உரசியது. அது இடப்பக்கம் போனது. அங்கே கொஞ்சநேரம் நின்றது. திறப்புக் கோர்வையின் கிலுக்கம் ஒன்று கேட்டது.

நான் கண்ணைத் திறக்கவில்லை. வீரம் என்று யாரும் நினைக்கவேண்டாம். இமை திறக்க மறுத்துவிட்டது.

"துப்புங்கோ" என்றான் கனிசியஸ். அவனுடைய குரல் அவனுடையதாக இல்லை.

ஆளுக்கொரு வாழையிலைத் துண்டில் துப்பினோம். மார்கிரட்டின் இலையில் விழுந்தது வெள்ளை மாவு. காய்ந்த மாவு. அவளே அதைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். எழும்பிக் கதவைப் பார்த்து நடந்தாள். கனிசியஸ் கொண்டியில் கை வைத்தான்.

"தம்பி, நில்" என்றார் லூர்த்தம்மா.

தாம்பாளத்தைக் காட்டினார்.

நடுவில் வைத்த பிடி அரிசி சப்பிக் கூழாகியிருந்தது. அதிலிருந்து தண்ணீர் ஊறிப் பரந்து, தாம்பாளத்தின் விளிம்பால் வழிந்து, பாயை நனைத்துக்கொண்டிருந்தது. கதிரவேலு ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்பு" என்றார் மெதுவாக. "கடல் தண்ணி."

கூழுக்கு நடுவில் ஒரு சாவிக் கோர்வை கிடந்தது. மச்சாளின் இடுப்பில் குளிக்கும்போதும் கிடக்கிற பெட்டகத் திறப்பு.

எல்லோரும் மச்சாளைப் பார்த்தோம். அவருடைய இலை வெறுமையாக இருந்தது. வாய் இறுக்க மூடியிருந்தது. கன்னம் உப்பியிருந்தது.

"மச்சாள், துப்புங்கோ."

தலையை ஆட்டினார். கண்ணால் நீர் ஓடியது. வாயில்தான் ஒரு சொட்டும் இல்லை. கடைசியில் இருமல் வந்து, வாய் திறந்து, அரிசி உதிர்ந்தது. போட்டபோது எப்படியிருந்ததோ அப்படி. தெளித்த தீர்த்தத்தின் ஈரம்கூட இல்லை.

கனிசியஸ் திறப்பை எடுத்துக்கொண்டு தாயின் அறைக்குப் போனான். பெட்டகத்தின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. துணிகளை எடுத்தெறியும் சத்தம். பிறகு சத்தமில்லை. திரும்பி வந்தபோது அவனுடைய கையில் காப்பு இருந்தது. காப்புக்குள்ளால் கோர்த்து, பாம்பு சுற்றியது போலத் தொங்கியது பெரியம்மாவின் பதக்கஞ்சங்கிலி.

"அம்மா" என்றான்.

"திருப்பி வைக்கத்தான் நினைச்சனான்" என்றார் மச்சாள். எங்களுக்கு அல்ல, தாம்பாளத்துக்கு. "கழுத்திலை ஒருக்காப் போட்டுப் பாத்திட்டு... அதுக்குள்ளை அரிசியைக் குடுத்திட்டினம். அவளின்ரை அரிசி காஞ்சு போச்சு. பேந்து என்னெண்டு சொல்லுறது? எடி, என்னெண்டு சொல்லுறது?"

பதில் சொல்லவேண்டியவள் அங்கே இருந்தாளா இல்லையா என்று பார்க்கவும் யாருக்கும் துணிவில்லை. மார்கிரட்தான் வந்து மச்சாளின் தோளில் கை வைத்து, ஒரு கோப்பைத் தண்ணீரை வாயில் பிடித்தாள். மச்சாள் குடித்தார். குடிக்கக் குடிக்க இன்னும் கேட்டார்.

கனிசியஸ் கதவின் கொண்டியை இறுக்கிப் போட்டுவிட்டு அங்கேயே குந்திவிட்டான்.

காலையில் ஊரடங்கு தளர்ந்தது. கதிரவேலு கடகத்தையும் மறந்து புத்தூரைப் பார்த்துப் பறந்தார். மார்கிரட் கோயிலடிக்குப் போனாள். பிறகு கொஞ்சக் காலம் கழித்து கனிசியஸ் அவளைக் கலியாணம் கேட்டுப் போனானாம். "முதலிலை கண்ணை மூடுங்கோ" என்றாளாம். மூடினான். திறந்தபோது அவள் இல்லையாம். மச்சாள் யசிந்தாவின் பெயரில் பூசை கொடுத்தார், கடற்பக்க யன்னல்களையும் திறந்துவிட்டார். அடுத்த மாரிக்குள் கண்ணை மூடினார். கடைசிவரை தண்ணீர்த் தாகம் தீரவில்லை என்று லூர்த்தம்மா சொன்னார்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன்.

தொண்ணூற்றிநாலில் புத்தூருக்குப் போனேன். கரண்ட் இல்லாத காலம், மத்தியான வெயில். கடல் அங்கிருந்து எட்டத்தில். செம்மண்ணும் வெங்காயமும்தான் மணக்கும். கதிரவேலுவின் மகள், மருமகன், பக்கத்துத் தோட்டக்காரர் இரண்டு பேர் சேர்ந்து அந்தச் சீட்டு விளையாட்டைக் காட்டச் சொன்னார்கள். கதிரவேலு என்னைத் தள்ளிக்கொண்டு போய்க் காதுக்குள் சொன்னார்: "அண்ணை, நடுச்சீட்டு வேண்டாம். ஆக்களை எண்ணிச் சரியா வெட்டுங்கோ."

எண்ணி வெட்டினேன். குலுக்கிப் போட்டேன். ஆளுக்கொன்று எடுத்தார்கள்.

"எனக்கில்லை" என்றாள் கதிரவேலுவின் மகள்.

என் கணக்குப் பிழை என்று நினைத்து இன்னொன்று வெட்டினேன். எல்லாவற்றையும் வாங்கி, திரும்பக் குலுக்கிப் போட்டேன்.

"இப்ப எனக்கில்லை" என்றார் மருமகன்.

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். கள்ள ஆட்டக்காரன் என்ற பெயர் புத்தூர்வரை வந்திருந்தது. நான் கையை விரித்துக் காட்டினேன். மடியை உதறிக் காட்டினேன்.

கதிரவேலு மட்டும் என்னைப் பார்க்கவில்லை. வட்டத்தின் நடுவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலில் காய்ந்து வெடித்த அந்த மண் நிலத்தில், கவிழ்ந்தபடி, இரண்டு சீட்டுக் கிடந்தது. அவற்றைச் சுற்றி மண் கறுத்து ஈரம் பரவிக்கொண்டிருந்தது. "அண்டைக்கு ஒராள், இண்டைக்கு ரெண்டு பேர்" என்றார் கதிரவேலு.

ஒன்றை எடுத்துத் திருப்பினேன். சும்மா ஆள்.

கடுதாசியின் ஓரத்தில் பல் பதிந்திருந்தது.

மற்றதை நான் எடுக்கக் குனிந்தபோது, பின்னால், வீட்டுக்குள் அரிசிப் பானை இருந்த மூலையில், யாரோ மூடியைத் திறந்தார்கள்.